கூட்டெருத் தொட்டியில் புழு பூச்சியா? விரட்ட வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது?



வீட்டுத்தோட்டம் செய்யும் குடும்பங்களிடம் கூட்டெருத் தொட்டியைப் பற்றி விசாரித்தால், முதலில் வருவது உரத்தைப் பற்றிய பேச்சு அல்ல. பூச்சியைப் பற்றிய முறைப்பாடுதான். "ஐயா, மூடியைத் தொறந்தா மூஞ்சியில ஈ வந்து மோதுது" என்கிறார் ஓர் அக்கா. "உள்ளுக்குள்ள ஒரே புழுவா நெளியுது, பார்த்த பிறகு சோறு திங்க மனசு வரல்ல" என்கிறார் இன்னொரு தாய். இந்த அருவருப்பினால் சிலர் தொட்டியைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொண்டார்கள். சிலர் பழையபடி குப்பையைக் கானில் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் சிலர் கடையில் பூச்சிமருந்து வாங்கி உள்ளே ஊற்றியிருக்கிறார்கள்.

முதல் இரண்டும் நஷ்டம். மூன்றாவது ஆபத்து. ஆகவே இந்த இதழில் தொட்டிக்குள் வாழும் புழு பூச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலிலேயே ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்வோம். தொட்டிக்குள் பூச்சி இருப்பது ஒரு நோய் அல்ல. பூச்சி இல்லாவிட்டால் குப்பை உரமாக மாறுவதற்கு நெடுங்காலம் எடுக்கும். எந்தப் பூச்சி வந்திருக்கிறது, எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்தால் தொட்டிக்கு என்ன குறை என்று தெரிந்துவிடும். அந்தக் குறையைத் திருத்தினால் பூச்சி தானாகக் குறையும். பூச்சியை மட்டும் கொன்றால் குறை அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அதே பூச்சி மறுபடியும் வந்து நிற்கும்.

லயத்தில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

டவுனில் தனி வீட்டில் இருப்பவருடைய தொட்டியில் ஈ பெருகினால் கஷ்டம் பெரும்பாலும் அந்த வீட்டோடு நின்றுவிடும். நம் லயங்களில் ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் இருக்கின்றன. முதல் காம்பராவின் தொட்டியில் பிறந்த ஈ, கடைசிக் காம்பராவின் சோற்றுப் பானையில் போய் உட்காரும். கழிவில் உட்கார்ந்த கால்களோடு குழந்தையின் பால் போத்தலிலும் உட்காரும். வயிற்றோட்டம், இரத்தக் கழிச்சல், டைபோயிட் போன்ற நோய்களின் கிருமிகளை ஈ இப்படித்தான் சுமந்து வருகிறது. சாதாரண வயிற்றோட்டம் என்றால் பெரியவர்கள் பெரும்பாலும் சில நாளில் எழும்பிவிடுவார்கள். கைக்குழந்தையின் உடம்பில் நீர் வற்றினால் உயிருக்கே மோசம்.

இதனால் சண்டையும் வருகிறது. "உன் பீப்பாவாலதான் எங்க வீட்டுக்கு ஈ வருது" என்று தொடங்கி, ஒரே லயத்தில் இரண்டு குடும்பங்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். கடைசியில் போய்ப் பார்த்தால் அந்தத் தொட்டியில் ஈப்புழு ஒன்றுகூட இல்லை. பின்பக்கத்து மாட்டுப் பட்டியில் நாள்கணக்கில் அள்ளாமல் கிடந்த சாணிக் குவியலில்தான் ஈ பெருகியிருந்தது. அதனால் யாரையும் குறை சொல்லும் முன் குப்பையைக் கிளறிப் பார்க்க வேண்டும். புழு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஈயின் பிறப்பிடம்.

அதற்காகத் தொட்டியே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அடுத்து 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியில் உரமும் மரக்கறியும் என்ன விலை விற்றன என்பதை எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் காம்பராவின் பின்பக்கத்துப் பாத்தியில் இரண்டு வரிசை கோவாவும் கொஞ்சம் போஞ்சியும் வைத்திருந்த குடும்பம் ஓரளவு மூச்சு விட்டது. அந்தப் பாத்திக்குக் காசில்லாமல் கிடைக்கும் உரம் இந்தத் தொட்டியில்தான் இருக்கிறது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

கொழுந்து எடுக்கும் நம் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டி நிறுவைக்குக் காத்திருந்தால் நடுவில் கை வைக்க முடியாதபடி சூடேறும். கொழுந்து சிவந்து போகும். குப்பையைக் குவித்தாலும் அதே மாதிரி சூடு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குப்பையைத் தின்று பெருகுவதால் வரும் சூடு அது. மூன்று அடி உயரம், மூன்று அடி அகலத்துக்குக் குறையாத குவியலைச் சரியாக அடுக்கினால் உள்ளே 55 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் ஈயின் முட்டையும் புழுவும் பிழைக்காது; களை விதைகளும் பெரும்பாலும் செத்துவிடும்.

நம் வீட்டுத் தொட்டிகள் சின்னவை. தினமும் ஒரு சட்டிக் குப்பைதான் விழுகிறது. நுவரெலியா போன்ற இடங்களில் ஆண்டின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் இருக்கிறது. அதனால் தொட்டி அவ்வளவு சூடேறாது. சூடு செய்யாத வேலையைப் புழு பூச்சிகள் செய்கின்றன. குளிர்ந்த தொட்டியில் பூச்சி அதிகமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

நம் கூட்டாளிகள்: இவற்றைத் தொடாதீர்கள்

மண்புழு: இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய சிவப்புப் புழுக்கள் கூட்டமாக இருந்தால் தொட்டி நல்ல நிலையில் இருக்கிறது. ஈரம் சரி, காற்றும் சரி என்று அர்த்தம்.

மரவட்டை: ரயில் மாதிரி ஊரும், தொட்டால் சுருளும். காய்ந்த இலையையும் உளுத்த குச்சியையும் தின்று பொடியாக்கும். கடிக்காது. ஆனால் சிலவற்றின் உடம்பிலிருந்து வரும் நீர் பட்டால் தோல் எரியும். கையால் நசுக்க வேண்டாம். பிள்ளைகள் அதை வைத்து விளையாடவும் விட வேண்டாம்.

உருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சி: கல்லுக்கும் பலகைக்கும் அடியில் இருக்கும் சின்னப் பூச்சி. இதுவும் உளுத்ததைத்தான் தின்னும்.

வெள்ளைப் பொடி போலத் துள்ளுபவை: மூடியைத் திறந்ததும் உப்புத் தூவினாற்போல் தெரியும், விரலை வைத்தால் துள்ளும். பூஞ்சணத்தைத் தின்று வாழும் இவற்றால் மனிதருக்கோ செடிக்கோ பெரிய தீங்கு இல்லை. அளவுக்கு மிஞ்சித் தெரிந்தால் ஈரம் அதிகம் என்று கொள்ளலாம்.

தட்டையான பழுப்புப் புழு: எல்லோரையும் பயமுறுத்துவது இதுதான். சுமார் முக்கால் அங்குல நீளம் இருக்கும். தட்டையாக, வரிவரியாக, தோல் கடினமாக, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். இது வீட்டு ஈயின் புழு அல்ல. கருஞ்சிப்பாய் ஈ என்னும் வேறு ஈயின் புழு. வளர்ந்த ஈ கருங்குளவி மாதிரித் தெரியும். ஆனால் அதற்குக் கொடுக்கு இல்லை, கொட்டாது. நம் சோற்றையும் கறியையும் தேடி வந்து உட்காரும் வழக்கமும் இதற்கு இல்லை. புழுவாக இருக்கும்போது தின்ற தீனியை வைத்தே முட்டை இட்டு முடித்துவிடும். இந்தப் புழு பெருகிய இடத்தில் வீட்டு ஈ குறைந்து போகும். சூடான பகுதித் தோட்டங்களில் இதை அதிகம் காணலாம். கோழி வளர்ப்பவர்கள் பத்து இருபதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கோழி ஓடி வரும்.

பூரான்: இது குப்பையைத் தின்ன வருவதில்லை, மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்ன வருகிறது. தொட்டிக்கு நல்லதுதான். ஆனால் கடித்தால் கடுமையாக வலிக்கும். அதனால் வெறுங்கையால் குப்பையைக் கிளறவே வேண்டாம். முள்ளு அல்லது தடியை உபயோகியுங்கள்.

தொல்லை தருபவை: காரணமும் பரிகாரமும்

1. வீட்டு ஈயும் நீல ஈயும்

அடையாளம்: புழு வெள்ளையாக, மெதுவாக, ஒரு பக்கம் கூராக இருக்கும். வீட்டு ஈயின் புழு அரை அங்குலத்துக்கு மேல் வளராது. கூட்டம் கூட்டமாக நெளியும். நாற்றமும் கூடவே வரும்.

காரணம்: சோறு, கறி, மீன் செதில், கருவாட்டுத் தலை, கோழிக் குடல் முதலியவற்றைத் தொட்டியில் போட்டு மூடாமல் விட்டது. மழை இறங்கிக் குப்பை சேறானாலும் இது வரும்.

ஒரு வீட்டு ஈ ஒரே தடவையில் 100 முட்டை அளவுக்கு இடும். சூடான இடத்தில் முட்டை ஈயாக மாறி வெளியே பறக்க 7 முதல் 10 நாள் போதும். குளிரான மலையில் சில வாரம் எடுக்கும். ஆகவே வாரம் ஒரு முறை குப்பையைக் கிளறி மேலே உள்ளதை நடுவில் புதைத்தால், புழு ஈயாகும் முன்பே அதன் வளர்ச்சி கெட்டுவிடும்.

பரிகாரம்: புழு உள்ள மேல்பகுதியை வாரி நடுவில் குழி தோண்டிப் புதையுங்கள். அதன் மேல் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த புல், சருகு அல்லது மரத்தூள் போட்டு, ஒரு சட்டி மண்ணையும் தூவி மூடுங்கள். புழு முதிர்ந்ததும் காய்ந்த இடத்தைத் தேடித் தொட்டியின் ஓரத்துக்கும் அடிமண்ணுக்கும் போகும். அங்கே பழுப்பு நிறத்தில் நெல்மணி மாதிரிக் கூடுகள் இருந்தால் அவற்றையும் வாரி நடுவில் போடுங்கள், அல்லது கோழிக்குப் போடுங்கள். பத்து நாளில் வித்தியாசம் தெரியும்.

2. பழத்தைச் சுற்றும் குட்டி ஈ

மூடியைத் திறந்ததும் புகை மாதிரி எழும்பும் சின்ன ஈ இது. வாழைப்பழத் தோல், பலாச் சக்கை, அழுகிய தக்காளி இருந்தால் வரும். நோயைப் பரப்புவதில் வீட்டு ஈ அளவுக்குப் பயமில்லை என்றாலும் தொல்லைதான். பழத்தோலை மேலே போடாமல் புதைத்து, சருகால் மூடினால் போய்விடும். அவசரமானால் ஒரு யோகட் கோப்பையில் கொஞ்சம் வினாகிரியும் ஒரு துளி சவர்க்கார நீரும் விட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், விழுந்து சாகும்.

கொய்யாவையும் பாகற்காயையும் குத்தி முட்டையிடும் பழ ஈ வேறு. புழு விழுந்த அந்தக் காய்களை அப்படியே தொட்டியில் போட்டால் புழு அங்கேயே வளர்ந்து ஈயாகி மறுபடியும் உங்கள் கொடிக்கே வரும். அந்தக் காய்களை ஒரு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரத்துக்கு மேல் வெயிலில் வைத்து, புழு செத்த பிறகு தொட்டியில் போடுங்கள்.

3. எறும்பும் கறையானும்

இவை வந்தால் தொட்டி காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். எறும்புக்குப் பயந்து மருந்து போட வேண்டியதில்லை. பூவாளியால் தண்ணீர் தெளித்து நன்றாகக் கிளறிவிடுங்கள். கூடு கலைந்தால் எறும்பு இடம் மாறிவிடும். அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் இதற்குப் போதும். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம்.

4. வளைந்த வெள்ளைப் புழு

விரல் பருமனில், தலை பழுப்பாக, ஆறு கால்களோடு, அரைவட்டமாக வளைந்து கிடக்கும். இது வண்டின் புழு. தொட்டிக்குள் இருக்கும்வரை உளுத்ததைத் தின்னும். ஆனால் எந்த வண்டின் புழு என்று நம்மால் பிரித்துப் பார்ப்பது கடினம். சில வகைகள் பாத்திக்குப் போனால் செடியின் வேரைக் கடிக்கும். இரத்தினபுரி, காலி, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களில் தென்னை மரம் உண்டு. அங்கே தென்னங்குருத்தைத் துளைக்கும் கொம்புள்ள கருவண்டும் சாணிக் குவியலிலும் கூட்டெருவிலும்தான் முட்டையிடுகிறது. ஆகவே உரத்தைப் பாத்தியில் போடும் முன் சல்லடையில் சலித்து, இந்தப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குக் கொடுத்துவிடுங்கள்.

5. கரப்பானும் எலியும்

எலி பூச்சி அல்ல. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. சமைத்த சாப்பாட்டு மிச்சம்தான் இரண்டையும் கூப்பிடுகிறது. எலியின் சிறுநீர் பட்ட ஈரமண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கால் வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். தொட்டியின் அடியில் விரல் நுழையாத கம்பி வலையை விரித்து, அதன் மேல் தொட்டியை வையுங்கள். மண்புழு வரும், எலி வராது. கரப்பான் இருந்தால் தொட்டி அடுப்படிக்கு மிகக் கிட்ட இருக்கிறதா என்று பாருங்கள்.

6. நுளம்பு

நுளம்பு குப்பைக்குள் பெருகாது. தேங்கிய தண்ணீரில்தான் பெருகும். தொட்டியின் மூடி குழிவாக இருந்து மழைத்தண்ணீர் நின்றால் போதும், அதிலேயே முட்டையிடும். பக்கத்தில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையும் யோகட் கோப்பையும் அதே மாதிரிதான். 2017ஆம் ஆண்டு நம் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர் எனப் பதிவானார்கள். மூடியைச் சரிவாக வையுங்கள். மழை விட்டதும் தண்ணீரைத் தட்டி ஊற்றுங்கள்.

பூச்சிமருந்து ஏன் கூடாது?

மரக்கறிக்கு அடித்தது போக மிஞ்சிய மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் ஒரே நாளில் எல்லாம் செத்துவிடுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், எல்லாமே செத்துவிடும். மண்புழுவும் சாகும், குப்பையை உக்க வைக்கும் மற்ற உயிர்களும் சாகும். பிறகு அந்தக் குப்பை உரமாவதும் தாமதமாகும். நஞ்சும் அதிலேயே தங்கலாம். அந்த உரத்தில் வளர்ந்த கீரையைத்தான் பிள்ளைக்குக் கடைந்து கொடுக்கிறோம். செத்த புழுவைக் கொத்திய கோழியும் விழும். மூடியைத் திறந்து கிளறும் தாய் அந்த ஆவியைச் சுவாசிக்கிறார்.

மண்ணெண்ணெய், குளோரின் தூள், கழிப்பறைக்கு ஊற்றும் மருந்து ஆகியவையும் வேண்டவே வேண்டாம். களைநாசினி அடித்த புல்லையும் தொட்டியில் போடக்கூடாது. விறகடுப்புச் சாம்பல் நல்லதுதான். அதையும் வாரம் ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் உரத்தின் நல்ல சத்து ஆவியாகப் போய்விடும்.

தினமும் செய்ய வேண்டிய வேலை

பூச்சித் தொல்லையில் முக்கால்வாசி, பச்சையும் ஈரமுமான குப்பையை மட்டும் போடுவதால் வருகிறது. ஒரு சட்டி ஈரக் குப்பைக்கு இரண்டு சட்டி காய்ந்த குப்பை என்பதுதான் கணக்கு. அதற்கு இப்படிச் செய்யலாம்:

1. தொட்டிக்குப் பக்கத்தில், மழை படாத இடத்தில் ஒரு உரச் சாக்கு நிறையக் காய்ந்த பொருள் வையுங்கள். மானாப்புல், சவுக்கு மரத்துச் சருகு, பன்னம், மரத்தூள், கிழித்த கடதாசி எல்லாம் உதவும். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் இலையை மட்டும் அள்ளி வராதீர்கள். அது தேயிலைக்கு மூடாக்கு. மழையில் மண் கரையாமல் காப்பதும் அதுதான்.

2. மரக்கறித் தோல், கோவா இலை, தேயிலைச் சக்கை, முட்டைக் கோது, தேங்காய்ப்பூச் சக்கை ஆகியவற்றைச் சிறிதாக வெட்டிப் போடுங்கள். நடுவில் சின்னக் குழி பறித்து அதில் போட்டு, மேலே இரண்டு சட்டி காய்ந்ததைப் போட்டு மூடுங்கள். மேலே பச்சை தெரியக்கூடாது. இதுவே ஈக்கு முதல் பூட்டு.

3. சோறு, கறி, மீன், இறைச்சி ஆகியவை வேண்டாம். மிச்சச் சோறு கோழிக்கும் நாய்க்கும் போகட்டும். மீன் செதிலை மண்ணில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். நாய், பூனையின் மலமும் குழந்தையின் பம்பர்ஸும் கூடவே கூடாது.

4. வாரம் ஒரு நாள் முள்ளால் கிளறுங்கள். முடியாவிட்டால் அலவாங்கு அல்லது மூங்கில் தடியால் பத்து இடத்தில் குத்தி, ஆட்டிவிடுங்கள். காற்று உள்ளே போனால் நாற்றம் நிற்கும். நாற்றம் நின்றால் ஈ வரத்து குறையும்.

5. கிளறும் நாளில் ஒரு பிடி குப்பையை எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் காய்ந்தது சேருங்கள். துளியும் கசியாமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

6. காற்றுத் துவாரங்களைப் பழைய நுளம்பு வலைத் துண்டால் உள்ளிருந்து மூடிக் கட்டுங்கள். காற்றுப் போகும், ஈ போகாது.

தொட்டியை அடுப்படியிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி, அரை நிழலில் வையுங்கள். குடிதண்ணீர் எடுக்கும் பீலிக்கு மேற்பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இதெல்லாம் அம்மாவின் வேலை என்று விடக்கூடாது. விடிய எழும்பி, சமைத்து, மலைக்குப் போய், பின்னேரம் வந்து மறுபடி அடுப்பு மூட்டும் பெண்ணிடம் இதையும் சுமத்தினால் எந்தத் தொட்டியும் மூன்று மாதம் நிலைக்காது. சருகு சேர்ப்பது பிள்ளைகளுக்கு. வாரம் ஒரு முறை கிளறுவது வீட்டு ஆண்களுக்கு. இப்படிப் பிரித்துக்கொண்ட வீடுகளில் தொட்டி நன்றாகவே நடக்கிறது.

மழைக்காலமும் வெயில்காலமும்

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை விடாமல் பெய்யும். அந்த நேரத்தில்தான் தொட்டி சேறாகி ஈப்புழு பெருகும். ஏப்ரல் மாதத்திலேயே இரண்டு மூன்று சாக்குச் சருகைச் சேர்த்துவிடுங்கள். மூடியின் மேல் ஒரு தகரத் துண்டைச் சரிவாக வைத்துக் கல்லால் பாரம் வையுங்கள்.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கங்களில் அந்த மாதங்கள் காய்ச்சலும் காற்றுமாக இருக்கும். அங்கே தொல்லை எறும்பும் கறையானும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, நனைத்த சாக்கை உள்ளே குப்பையின் மேல் விரியுங்கள். வருடக் கடைசியில் வடகீழ் மழை வரும்போது ஹட்டன் பக்கத்தார் செய்வதை நீங்களும் செய்யுங்கள்.

நம்மிடம் கேட்கப்படும் சில கேள்விகள்

"புழு உள்ள உரத்தைப் பாத்திக்குப் போடலாமா?"
மண்புழு இருந்தால் தாராளமாகப் போடலாம். வெள்ளை ஈப்புழு இருந்தால் குப்பை இன்னும் உரமாகவில்லை. மூடி வைத்துப் பொறுத்திருங்கள். உரம் முற்றியதற்கு மூன்று அடையாளம்: நிறம் கருப்பு, மழை பெய்த மண் வாசனை, போட்ட பொருள் எது என்று தெரியாத நிலை. சூடான இடத்தில் மூன்று மாதமும், குளிரான மலையில் ஐந்தாறு மாதமும் ஆகலாம்.

"மாட்டுச் சாணி போட்டால் ஈ வருமா?"
மூடாமல் விட்டால் வரும். பச்சைச் சாணியை அன்றைக்கே குப்பைக்குள் கலந்து சருகால் மூடினால் வராது. தொட்டி சூடேறவும் சாணி உதவும்.

"நத்தை முட்டை மாதிரி வெள்ளை உருண்டைகள் இருக்கிறதே?"
நத்தை முட்டையேதான். விட்டால் கோவாக் கன்றை இரவோடு இரவாகத் தின்றுவிடும். பொறுக்கி நசுக்கிவிடுங்கள். நத்தையையும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

"தொட்டி வாங்க வசதி இல்லை, என்ன செய்வது?"
பீப்பாதான் வேண்டும் என்றில்லை. நான்கு கம்பு நட்டு, மூங்கில் பிளாச்சால் அடைத்து, மேலே தகரம் போட்டாலும் தொட்டிதான். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பிலிசரு திட்டம் 2008இல் ஆரம்பித்த பின், கூட்டெரு செய்வது பற்றி உள்ளூராட்சிச் சபைகளிலும் அதிகம் பேசப்படுகிறது. உங்கள் பிரதேச சபையில் சலுகை விலைத் தொட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகச் சில வார்த்தைகள்

உரத்தைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். காலில் செருப்போ பூட்ஸோ இல்லாமல் குப்பையில் இறங்க வேண்டாம். கை காலில் காயம் இருந்தால் கட்டுப்போட்டுக்கொள்ளுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டால் தோட்ட வைத்தியசாலையில் விசாரியுங்கள். லயத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் என்றால், யாருடைய தொட்டி என்று வாதாடி நேரத்தை வீணாக்காமல் முதலில் பிள்ளைகளுக்கு ஜீவனி கரைத்துக் கொடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

லயத்துக்கு லயம் ஒரு சின்ன உடன்பாடு செய்துகொள்ளலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு தொட்டியையும் திறந்து பார்ப்பது. எங்கே வெள்ளைப் புழு இருக்கிறதோ அங்கே எல்லோருமாகச் சருகு போட்டு மூடிக் கொடுப்பது. மாட்டுப் பட்டியையும் கானையும் அன்றைக்கே பார்த்துவிடுவது. ஒரு மணித்தியால வேலைதான். ஒரே கூரையின் கீழ் வாழும் நமக்கு, பக்கத்து வீட்டின் ஈயும் நம் வீட்டு ஈதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து பாருங்கள். புழு நெளிந்தால் முகத்தைத் திருப்பாமல் ஒரு நிமிடம் நின்று, அது வெள்ளையா, பழுப்பா, சிவப்பா என்று கவனியுங்கள். வெள்ளை என்றால் ஒரு சாக்குச் சருகு தேடுங்கள். பழுப்பும் சிவப்பும் என்றால் மூடியைப் போட்டுவிட்டு அவற்றை அவற்றின் வேலையைச் செய்ய விடுங்கள்.